ஒரே கிளாஸ், ஒரு மணித்தியாலம்: ஆண்டு பொறித்த ஷாம்பெயினைச் சுவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸில் என் வீட்டு மேசையில் 2008ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்றைத் திறந்த இரவு. முதல் மிடறு குடித்த நண்பர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணை, இது பழுதாப் போச்சுது போல கிடக்கு. தேசிக்காய் மாதிரிப் புளிக்குது, நெருப்புக்குச்சி மணக்குது" என்றார். மற்ற இருவரும் அதற்குள் குடித்து முடித்து அடுத்த சுற்றுக்குக் கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து, அந்தத் தள்ளி வைத்த கிளாஸை எடுத்து மூவருக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தேன். வறுத்த கஜுவும் தேனும் மணந்தன. போத்தலில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

அதற்குப் பிறகு, ஊற்றிய ஒரே கிளாஸ் ஒரு மணித்தியாலத்துக்குள் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் இந்தப் பயிற்சியைப் புதியவர்களோடு பல தடவை செய்துவிட்டேன். தடுக்கி விழுகிற இடங்கள் அநேகமாக ஒன்றேதான்: குளிர் கூடிப்போவது, கிளாஸ் ஒடுங்கியிருப்பது, பாதி குடித்த கிளாஸில் மேலும் ஊற்றுவது. நாக்கில் கோளாறு இருப்பவரை நான் இன்னும் காணவில்லை. வரிசை தப்பினால்தான் எல்லாம் தப்புகிறது. அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. போத்தலைத் தெரிவு செய்தல்

லேபிளில் ஓர் ஆண்டு அச்சிட்டிருக்க வேண்டும். பிரெஞ்சில் இதை மிலெசிம் என்பார்கள். அந்த ஒரே ஆண்டு அறுவடையின் திராட்சை மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஆண்டு போடாத ஷாம்பெயின் பல ஆண்டு வைன்களின் கலவை. அதைக் குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைத்தால் போதும். ஆண்டு பொறித்ததற்குச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டுகள். நல்ல தயாரிப்பாளர்கள் அதைவிட நெடுநாள் வைத்திருப்பார்கள்.

அறுவடையிலிருந்து எட்டு, பத்து ஆண்டாவது கழிந்த போத்தலாக எடுங்கள். அதைவிட இளையது கிளாஸுக்குள் அதிகம் மாறாது. ஒரு மணித்தியாலம் காத்திருந்தும் பச்சை அப்பிளாகவே இருந்தால் உங்களுக்கு இந்தப் பயிற்சியே வெறுத்துவிடும்.

எந்த ஆண்டு என்பதும் முக்கியம். 2008இல் கோடை குளிர்ந்து, அறுவடை பிந்தி, புளிப்பு உயர்ந்து நின்றது. அந்த வைன்கள் கையை இறுக மூடிக்கொண்டே வரும், திறக்க நேரமெடுக்கும். டொம் பெரினியோன் என்ற பேர்பெற்ற ஷாம்பெயின் தயாரிப்பு தன் 2008ஐப் பிடித்து வைத்துக்கொண்டு 2009ஐ முதலில் விற்பனைக்கு விட்டது இதனால்தான். 2003 நேரெதிர்: இளவேனிலில் உறைபனி, கோடையில் கடும் வெயில், அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டின் வைன் ஊற்றிய உடனே எல்லாவற்றையும் காட்டிவிட்டு அரை மணியில் களைத்துப்போகும். முதல் தடவை செய்பவருக்கு 2008 அல்லது 2012 நல்லது.

பின் லேபிளையும் பாருங்கள். சிலர் அதில் டெகோர்ஜ்மோன் திகதியைப் போடுவார்கள். இரண்டாவது நொதிப்பு போத்தலுக்குள்ளேயே நடக்கிறது. முடிந்ததும் செத்த ஈஸ்ட் வண்டலாகப் படிந்து வைனோடு கிடக்கும். அந்த வண்டலைக் கழுத்துக்கு இறக்கி வெளியேற்றி, புதிய தக்கை அடைக்கும் நாள்தான் அது. வண்டலோடு கிடந்த காலம் பாண், பணிஸ் மணத்தைத் தருகிறது. வண்டல் நீங்கிய பிறகு கழிந்த காலம் தேன், வறுத்த பருப்பு, கோப்பி மணங்களைக் கொண்டுவருகிறது. ஆக ஒரே 2008, வெவ்வேறு திகதியில் வண்டல் நீக்கப்பட்டிருந்தால் இரண்டு வெவ்வேறு வைன். வண்டல் நீக்கி நாலைந்து மாதம்கூட ஆகாத போத்தலைத் திறக்க வேண்டாம். பயணக் களைப்போடு வந்தவர் போல அது சுரத்தில்லாமல் இருக்கும். க்ரூக் என்ற தயாரிப்பாளரின் போத்தல்களில் ஐடி என்று ஓர் எண் உண்டு. அதை அவர்கள் தளத்தில் போட்டால் அந்தப் போத்தலின் வரலாறு வரும்.

கடைசியாக இனிப்பு. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, எக்ஸ்ட்ரா ப்ரூட் என்றால் 6 கிராம் வரை. இந்த எண் முதல் பத்து நிமிடத்தில் ஒன்றும் சொல்லாது. நாற்பதாவது நிமிடத்தில் நிறையச் சொல்லும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. முந்திய நாள்

கடையிலிருந்து கொண்டுவந்த கையோடு திறக்காதீர்கள். ஒரு நாளாவது அசையாமல் இருட்டில் நிற்கட்டும். குலுங்கிய போத்தலைத் திறந்தால் நுரை பொங்கி வழியும். வழிகிற நுரையோடு காற்றும் (குமிழி தரும் கரியமில வாயு) மணமும் போய்விடும்.

வெளிச்சத்தை லேசாக எண்ண வேண்டாம். நிறமற்ற கண்ணாடிப் போத்தலில் வெளிச்சம் பட்டால் வைனிலுள்ள ரைபோபிளேவின் தூண்டப்பட்டு, அவித்த கோவா மணக்கும் கந்தகச் சேர்மங்கள் உருவாகின்றன. லூயி ரோடெரர் என்ற தயாரிப்பாளர் தன் கிரிஸ்டல் ஷாம்பெயின் போத்தலை மஞ்சள் செலோபேன் தாளில் சுற்றி விற்பது அழகுக்கு அல்ல. அந்தத் தாளைத் திறக்கும் நாள் வரை கழற்றாதீர்கள்.

சுவைக்கும் நாளில் குசினியில் தாளிதம் வேண்டாம். சாம்பிராணி, வாசனைத் திரி, கையில் பூசிய கிரீம், தலையில் மல்லிகைச் சரம் எல்லாம் பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் கெடுக்கும். ஒருமுறை மல்லிகை வைத்து வந்த ஒருவரோடு அமர்ந்த ஐந்து பேரும் குறிப்பில் "வெள்ளைப் பூ மணம்" என்று எழுதியிருந்தார்கள். வைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

3. குளிரவைத்தல்

இலக்கு 9 பாகை செல்சியஸ். ஆண்டு போடாத ஷாம்பெயினை 8இல் குடிப்பார்கள், முதிர்ந்ததை 12 வரை விடுவார்கள். நாம் 9இல் தொடங்குவது அது சிறந்த சூடு என்பதற்காக அல்ல. வைன் மேலே ஏறிப் போகும் பாதை முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதற்காக. 5 பாகையில் தொடங்கினால் முதல் கால் மணி வீண். மூக்குக்கு ஒன்றும் எட்டாது, நாக்கு மரத்துப்போகும்.

வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். போத்தலைக் கழுத்து வரை அமிழ்த்தி 20 நிமிடம். வெறும் ஐஸைக் கொட்டுவது எல்லாரும் செய்கிற தவறு: ஐஸ்கட்டிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் குளிர் போத்தலுக்குச் சரியாகக் கடத்தப்படாது. வாளி இல்லையென்றால் பிரிட்ஜில் நாலு மணித்தியாலம். ஃப்ரீசர் கூடாது. மறந்துபோவீர்கள், போத்தல் வெடிக்கும்.

இதே வேளையில் ஒரு சின்னப் போத்தல் குடிதண்ணீரையும் ஷாம்பெயினோடு குளிரவையுங்கள். ஏன் என்று 5இல் சொல்கிறேன்.

4. கிளாஸ்

அகன்ற தட்டுப் போன்ற கூப் வேண்டாம். காற்று சீக்கிரம் ஓடிவிடும். ஒடுங்கி உயர்ந்த ஃப்ளூட்டும் வேண்டாம். வாய்க்கு நேரே கரியமில வாயு தேங்கி மூக்கைக் குத்தும், மணத்தை அறிய விடாது. நடுவில் சற்று உப்பி, வாயில் கொஞ்சம் ஒடுங்கும் டூலிப் வடிவம் எடுங்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளை வைன் கிளாஸே போதும். விலை கூடிய கிளாஸ் வாங்க அவசியமில்லை. ஆளுக்கு இரண்டு கிளாஸ், இரண்டும் ஒரே அச்சு. இது மட்டும் கட்டாயம்.

சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரில் மட்டும் கழுவுங்கள். சவர்க்காரப் படலம் நுரையைக் கொன்றுவிடும். பிறகு பருத்தித் துணியால் துடையுங்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. குமிழி கண்ணாடியிலிருந்து எழுவதில்லை. துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத பஞ்சு நார்களுக்குள் சிறைப்பட்ட காற்றிலிருந்துதான் எழுகிறது. ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெயின் குமிழியையே தன் வாழ்நாள் ஆய்வாக வைத்திருக்கும் இயற்பியலாளர் ஜெரார்ட் லிஜே-பெலேர் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். கவிழ்த்து வைத்துத் தானாகக் காய்ந்த கிளாஸில் நார் குறைவு, குமிழியும் குறைவு. அப்படி ஒரு கிளாஸைப் பார்த்துவிட்டு "வைன் செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் பலர். காற்று இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணை நம்பித் தீர்மானிக்காதீர்கள், நாக்கு சொல்லட்டும்.

5. மேசையில் வைக்க வேண்டியவை

மணிக்கூடு, தாள், பென்சில், ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர், வெறும் பாண். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். வந்தவர் கார் ஓட்ட வேண்டியிருந்தால் அது அவசியமும் கூட. பிரான்சில் எல்லை லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம்.

இன்னொன்று, சமையல் வெப்பமானி. அதை ஷாம்பெயினுக்குள் விட்டால் குமிழி பொங்கிக் காற்று போய்விடும். அதற்குத்தான் அந்தக் குளிர்ந்த தண்ணீர். ஷாம்பெயின் ஊற்றும் அதே நேரத்தில், அதே மாதிரிக் கிளாஸில், அதே அளவு குளிர்தண்ணீரை ஊற்றி அதில் வெப்பமானியைப் போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே சூடேறும். இந்தத் தண்ணீர்க் கிளாஸ் இல்லாமல் எழுதிய என் பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் "சற்று நேரம் கழித்து" என்றிருக்கிறது. எவ்வளவு நேரம், எத்தனை பாகை என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

பழம், சீஸ், ஒலிவ், முறுக்கு, கேக் எதையும் முதல் அரை மணிக்கு மேசையில் வைக்காதீர்கள். கேக் தின்ற வாய்க்கு ப்ரூட் வினாகிரியாகத் தெரியும்.

6. திறத்தல்

போத்தலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தவறி விட்டால் தக்கை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். கண் போகும்.

தகட்டுத் தாளை உரியுங்கள். கம்பியை ஆறு அரைச்சுற்றுச் சுற்றித் தளர்த்துங்கள். கம்பி தளர்ந்த நொடியிலிருந்து பெருவிரல் தக்கையின் மேல் இருக்க வேண்டும், எடுக்கவே கூடாது. கம்பியைக் கழற்றாமல் தக்கையோடு சேர்த்துப் பிடிப்பது எனக்கு வசதி; கைக்குப் பிடிமானம் கிடைக்கிறது. போத்தலைச் சாய்த்து, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலின் அடியைத் திருப்புங்கள். தக்கையைத் திருப்பினால் அது முறியலாம், முக்கியமாகப் பழைய போத்தலில். கடைசியில் சத்தம் பெருமூச்சுப் போல வர வேண்டும். "டப்" என்று வந்தால் கொண்டாட்டம், ஆனால் உங்கள் ஒரு மணித்தியாலத்துக்குத் தேவையான காற்றில் ஒரு பங்கு கூரைக்குப் போய்விட்டது.

தக்கையை மோந்து பார்ப்பதில் பெரிய பயனில்லை. அதன் வடிவத்தைப் பாருங்கள். பாவாடை போல விரிந்தால் இளமை. ஒடுங்கி நேராக நின்றால் நெடுநாள் அடைபட்டிருந்தது.

7. ஊற்றுதல்

கிளாஸைச் சாய்த்து, பக்கச் சுவர் வழியாக மெதுவாக, பியர் ஊற்றுவதுபோல. விருந்தோம்பல் பள்ளிக்காரர் சிலர் முகம் சுழிப்பார்கள். நிமிர்ந்த கிளாஸில் கொட்டுவதைவிடச் சாய்த்து ஊற்றினால் கரைந்த வாயு கூடுதலாகத் தங்குகிறது என்பது ரான்ஸில் அளந்து பார்த்த விஷயம். குளிர்ந்த வைனிலும் இழப்பு குறைவு.

அளவு 100 மில்லிலிட்டர், அநேகமாகக் கிளாஸின் மூன்றிலொரு பங்கு. இதைவிடக் குறைத்தால் பத்து நிமிடத்தில் சூடேறித் தட்டையாகிவிடும். கூட்டினால் மணம் சேர மேலே இடமிருக்காது.

மூன்று பேருக்குக் கணக்கு இது: முதல் கிளாஸ் மூன்றுக்கும் 300 மில்லிலிட்டர். பின்னால் வரும் ஒப்பீட்டுக் கிளாஸுக்கு ஆளுக்கு 50 வீதம் 150. மீதி 300 மறுநாளுக்கும் சாப்பாட்டுக்கும். ஆறு பேரைக் கூப்பிட்டால் இந்தக் கணக்கு உதைக்கும். அன்று கொண்டாடுங்கள், ஆராய வேண்டாம்.

ஊற்றி முடித்ததும் போத்தலின் வாயைக் கவ்வும் மூடியால் அடைத்துத் திரும்ப ஐஸ் வாளியில் வையுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு கண்டிப்பான விதி உண்டென்றால் அது இதுதான்: முதல் கிளாஸில் மறுபடி ஊற்றக் கூடாது. ஒரு சொட்டு சேர்த்தாலும் சூடும் காற்றும் பழைய நிலைக்குத் திரும்பி, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த மாற்றம் அழிந்துவிடும். விருந்துக்கு வந்தவரின் கிளாஸ் குறைந்தால் கை தானாக நிரப்பப் போகும். அது நம் வழக்கம். போத்தலை எட்டாத இடத்தில் வையுங்கள்.

8. முதல் ஐந்து நிமிடம்

முதலில் மோந்து பாருங்கள், குடிக்க வேண்டாம். கிளாஸைச் சுழற்றவும் வேண்டாம். சிவப்பு வைன் பழக்கத்தில் கை சுழற்றத் துடிக்கும். சுழற்றினால் மணம் வரும், காற்றும் போகும். கால் மணி நேரத்தை ஒரு நொடியில் செலவழித்தது போலாகும். தண்டைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வருவது தேசிக்காய்த் தோல், நனைந்த சுண்ணக்கல், ஒருவகை உப்பு மணம், சில போத்தலில் உரசி அணைத்த நெருப்புக்குச்சி. பிறகு சின்ன மிடறு ஒன்று. புளிப்பு கூர்மையாக அடிக்கும். அதில் ஒரு பகுதி வைனின் புளிப்பு, மறு பகுதி கரியமில வாயுவின் குத்தல். நாக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அதனால் இப்போது "புளிப்பு அதிகம்" என்று எழுதாதீர்கள். மூன்று சொல் மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு எதுவும் வேண்டாம்.

சொல் எங்கிருந்து வரட்டும் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். பின் லேபிளில் பிரியோஷ் (பிரெஞ்சு வெண்ணெய்ப் பாண்) என்றிருந்தால் எல்லாருக்கும் பிரியோஷ் மணக்கும், பிரியோஷைத் தின்றே இராதவருக்கும்! உங்கள் மூக்கு பழகிய சொல்லை எழுதுங்கள். ஈஸ்ட் மணத்துக்கு என்னிடம் உள்ள சொல், கள் விட்டுப் புளிக்கவைத்த அப்பமா. விடியற்காலைப் பேக்கரி, சூடேறும் நெய், வறுத்த பயறு, பழைய தேன்போத்தல், காய்ந்த தோடம்பழத் தோல் எல்லாம் நம் வீட்டில் உள்ளவைதான். அடுத்த தடவை அதே மணம் வரும்போது உடனே நினைவுக்கு வருவதும் இந்தச் சொற்கள்தான்.

9. பத்தாவது நிமிடம்: போகிற மணமும் போகாத மணமும்

20, 21 பாகை அறையில் என் தண்ணீர்க் கிளாஸ் இப்போது 11, 12 காட்டும். 28 பாகை அறையென்றால் எல்லா நேரத்தையும் ஏறக்குறையப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கூட்டைவிட வெப்பமானி சொல்வதே பெரிது.

முதலில் தொந்தரவு தந்த மணத்தை இப்போது மறுபடி பாருங்கள். இந்தப் பத்து நிமிடம் ஒரு நல்ல நீதிபதி.

நெருப்புக்குச்சி மணம் தேய்ந்திருந்தால் வைனில் குற்றமில்லை. வெளிக்காற்று இல்லாமல் நெடுநாள் அடைபட்டுக் கிடந்ததால் வந்தது அது. வெளிக்காற்றுப் பட்டதும் போய்விடும்.

நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை மணம் இருந்தால் தக்கைக் கோளாறு. அது போகாது, சூடேறச் சூடேறக் கூடும். போத்தலை அடைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். கண்ணியமான கடைக்காரர் மாற்றித் தருவார்.

அவித்த கோவா மணம் நிலைத்து நின்றால் வெளிச்சம் பட்ட வைன். அதுவும் போகாது.

அடிபட்டுக் கறுத்த அப்பிள் மணம் மட்டும் சிக்கலானது. முதிர்ந்த ஷாம்பெயினில் அது சிறிதளவு இருப்பது இயல்பு. கூடவே தேனும் பருப்பும் எழுந்தால் சரி. அது மட்டுமே எழுந்து, வாயில் வைன் குட்டையாக முடிந்தால் போத்தல் காலம் கடந்துவிட்டது.

என் நண்பர் "பழுதாப் போச்சுது" என்றது முதல் நிமிடத்தில். பத்தாவது நிமிடத்தில் கேட்டிருந்தால் அந்தச் சொல்லே வந்திராது.

10. கால் மணி முதல் அரை மணி வரை

காத்திருந்ததற்குக் கூலி இங்கே கிடைக்கும். 12 முதல் 14 பாகைக்குள் பெரும்பாலான முதிர்ந்த ஷாம்பெயின்கள் மலர்ந்துவிடும். சூடு ஏறும்போது மணமூட்டும் பொருட்கள் எளிதில் ஆவியாகின்றன. எழும் குமிழிகள் வெடித்து அவற்றை நுண்துளியாக மேலே தூவுகின்றன. காற்று கொஞ்சம் குறைந்திருப்பதால் மூக்கைக் குத்துவதும் இல்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவரும் சாளரம் சிறியது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முதல் மிடறில் மணம் என்ன. அடுத்ததில் வாயின் நடுவில் உடம்பு இருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா. அதற்கடுத்ததில் விழுங்கிய பிறகு சுவை எத்தனை நொடி நிற்கிறது. இந்த நொடிக்கு பிரெஞ்சுக்காரர் கொதாலி என்று அலகே வைத்திருக்கிறார்கள்: ஒரு கொதாலி ஒரு நொடி. எல்லாவற்றையும் ஒரே மிடறில் கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது.

திராட்சை வகைக்கேற்ப மலரும் விதம் மாறும். ஷார்டொனே மட்டும் கொண்ட பிளான் த பிளான், சிறப்பாக மெனில் என்ற ஊர்ப் பக்கத்துச் சுண்ண மண்ணிலிருந்து வருவது, பிந்தித் திறக்கும். தேசிக்காயிலிருந்து வெண்ணெய், வறுத்த கஜு என்று நகரும். பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை கூடியது முன்னதாகவே திறந்து, பழத்திலிருந்து மசாலா, காளான் பக்கம் போகும். உங்கள் போத்தல் இந்தப் பாதையில் போகாவிட்டால் பாதையை விட்டுவிடுங்கள், போத்தலை நம்புங்கள்.

11. ஒப்பீட்டுக் கிளாஸ்

பலரும் செய்யாமல் விடுகிற படி இது. என்னைக் கேட்டால் முழுப் பயிற்சியும் இதற்காகத்தான்.

30ஆவது நிமிடத்தில், ஐஸில் இருந்த போத்தலிலிருந்து இரண்டாவது கிளாஸில் 50 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். முதல் கிளாஸில் ஒரு பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும். அதனால்தான் சின்ன மிடறாகக் குடிக்கச் சொன்னேன். இப்போது ஒரே வைன், ஒன்று ஐஸ் குளிரில், மற்றது 15, 16 பாகையில், பக்கத்தில் பக்கத்தில்.

அரை மணிக்கு முன் குடித்தது எப்படியிருந்தது என்று நினைவு சொல்வதை நம்ப முடியாது. நினைவு எப்போதும் இப்போதைய கிளாஸின் பக்கம் சாயும். புதிய கிளாஸை மோந்ததும் "இவ்வளவு மூடியிருந்ததா!" என்று வியக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வரிசை முக்கியம்: முதலில் புதிய கிளாஸ், பிறகு பழையது. பழையதை முதலில் எடுத்தால் அதன் தேனும் பருப்பும் மூக்கை நிறைத்து, புதியது வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

அடுத்து, புதிய கிளாஸை மட்டும் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். ஆம், பிடிக்காதே என்று சொன்ன அதே வயிற்றைத்தான். 50 மில்லிலிட்டர் சில நிமிடங்களில் 14க்கு ஏறிவிடும். இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு, ஆனால் ஒன்று அரை மணி வெளிக்காற்றில் இருந்தது, மற்றது இல்லை. கைச்சூட்டிலேயே புதியது பழையதைப் பிடித்துவிட்டால், நீங்கள் கண்ட மாற்றத்துக்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். அடுத்த தடவை அந்தப் போத்தலை 12இல் ஊற்றினால் போதும், காத்திருக்க வேண்டாம். சூடேறியும் அது மூடியே நின்றால் அந்த வைனுக்கு வெளிக்காற்றும் நேரமும் தேவை. அப்படிப்பட்ட போத்தலை விருந்துக்கு அரை மணி முன்பே திறந்து ஊற்றி வைக்கலாம். 2008 வைன்களில் எனக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது பதில்தான் கிடைத்திருக்கிறது.

12. காற்று போன பிறகு

முக்கால் மணிக்குப் பிறகு முதல் கிளாஸில் குமிழி அருகிவிடும். புதியவர்கள் இங்கே எழுந்து போய்விடுவார்கள். இருங்கள், இனித்தான் ஒப்பனை கலைந்த முகம் தெரியும்.

குத்தல் நீங்கியதும் மிஞ்சுவது வைனின் சொந்தப் புளிப்பு மட்டும். முதலில் "தேசிக்காய்ப் புளி" என்று தோன்றியதில் எவ்வளவு உண்மை என்று இப்போதுதான் தெரியும். அதேபோல இனிப்பும் மேலே வரும். வாயுவும் குளிரும் அதை அடக்கி வைத்திருந்தன. லேபிளில் குறித்து வைத்த கிராம் கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள். 8, 9 கிராம் போட்ட வைன் வாயோரத்தில் ஒட்டுகிறதா, அல்லது பழச்சுவைக்குள் கரைந்துவிட்டதா? நல்ல ஆண்டு, நல்ல கை என்றால் காற்றில்லாமலும் அது தரமான வெள்ளை வைனாக நிற்கும். சீக்கிரம் சோர்வது காற்றின் தயவில் நின்ற வைன்.

சூடு 17, 18ஐத் தாண்டினால் மதுவின் காரம் முந்தும், மணம் கலங்கும். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. குடித்து முடியுங்கள். இப்போது சீஸ் கொண்டுவரலாம். முதிர்ந்த கொந்தே ஒரு துண்டு அந்தக் கடைசி மிடறுக்கு நன்றாகச் சேரும்.

13. வெறும் கிளாஸும் மறுநாளும்

கிளாஸைக் கழுவ அவசரப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டு வெறும் கிளாஸை மோந்து பாருங்கள். எளிதில் ஆவியாகும் மணங்கள் எல்லாம் போய், கனத்தவை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்: தேன்மெழுகு, பாண்கரை, கோப்பிக்கொட்டை. சிலவேளை நிறைந்த கிளாஸில் பெயர் சொல்ல முடியாத ஒன்று இங்கே பளிச்சென்று தெரியும்.

மிச்சம் 300 மில்லிலிட்டரைக் கவ்வும் மூடி போட்டு பிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். கழுத்தில் கரண்டி செருகுவதால் எதுவும் நடக்காது. காற்றை உறிஞ்சும் பம்பு இன்னும் மோசம். அது மிச்சமுள்ள வாயுவையும் சேர்த்து இழுத்துவிடும்.

மறுநாள் மாலை, அதே கிளாஸ், அதே 9 பாகை, அதே 100 மில்லிலிட்டர். முந்திய இரவின் குறிப்பைப் பார்க்காமல் முதலில் மூன்று சொல் எழுதுங்கள், பிறகு தாளைப் புரட்டுங்கள். என் நண்பர் இப்போது தன் வீட்டில் இதைச் செய்கிறார். போன முறை அவர் மறுநாள் எழுதிய மூன்று சொல்லை அனுப்பியிருந்தார்: அப்பமா, நெய், காய்ந்த தோடம்பழத் தோல். முதல் நாள் முதல் நிமிடத்துக்கு நேரே அவர் எழுதியிருந்தது "ஒண்டும் மணக்கேல்லை".